இரண்டு பேருக்கு ஓர் அறை

கிழவர் ஒருவருக்குரிய நிறத்தில் கல்யாணப் பெண்ணுக்கும், கல்யாணப் பெண்ணுக்குரிய நிறத்தில் கிழவருக்கும் அவன் முன்பல் செய்து அனுப்பிவிட்டான்.

செயற்கைப் பல் செய்கிற கூடத்தில் இதைவிடப் பெரிய பிழை கிடையாது. கிழவர் புகார் சொல்லவில்லை. பால்வெள்ளைப் பல்லைக் கண்ணாடியில் பார்த்து, "இதுவே இருக்கட்டும், கழட்டாதீங்க" என்று டாக்டர் கையைப் பிடித்துக்கொண்டாராம். பெண் வீட்டார்தான் விடவில்லை.

"நாப்பது வருஷம் சிகரெட் பிடிச்ச பல்லை ஒரு பொண்ணு வாயில கொண்டு வச்சிருக்கியே, அடுக்குமா?" என்றார் முதலாளி. "கல்யாண போட்டோ எடுக்கறவன் சிரிக்காதீங்கன்னு சொல்லியிருக்கான். கேள்விப்பட்டிருக்கியா எங்கயாவது?"

அவன் தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றான். விரல்களில் பீங்கான் தூள் ஒட்டியிருந்தது.

அந்தக் கூடத்தில் வெள்ளைக்கும் வெள்ளைக்கும் வித்தியாசம் சொல்கிற கண் அவனுடையது. பதினாறு வெள்ளையில் மாதிரிப் பற்கள் வரிசையாகக் கோத்த பட்டை ஒன்று அவன் மேசையில் இருக்கும். மற்றவர்கள் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்ப்பார்கள். அவன் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மூணாவதுக்கும் நாலாவதுக்கும் நடுவுல. ஓரத்துல கொஞ்சம் சாம்பல் சேத்துக்கணும்" என்பான். சேர்த்தால் பொருந்தும். அப்பேர்ப்பட்ட கண்.

"உன்னைத் திட்டவும் எனக்கு வாய் வரமாட்டேங்குது" என்றார் முதலாளி, குரலை இறக்கி. "போ. அஞ்சு நாள் இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்காதே."

அவன் மனைவி இறந்தது முந்தின குளிர்காலத்தில். அதற்குப் பிறகு அவன் ஒரு நாளும் விடுப்பு எடுக்கவில்லை. அழவும் இல்லை. மரத்துப்போன ஈறு மாதிரி இருந்தான். கடித்தாலும் தெரியாது, பிறகு இரத்தம் பார்த்துத்தான் தெரியும்.

இன்னொன்றும் உண்டு. அது யாருக்கும் தெரியாது. அவள் இறந்துவிட்டாள் என்று அவன் இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் போனைப் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் சொன்னது அக்கா. அவன் சுவரோடு சுவராக நின்றான். பல் கூடத்துக்குச் சொன்னது அக்கா வீட்டுக்காரர். அக்கம்பக்கத்துக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பிறகு தெரியாதவர்கள் யாராவது கேட்டால், "ஊர்ல இல்லைங்க" என்பான். நூலகத்துப் பெண் கேட்டாள், "உங்க வீட்டு அக்கா புத்தகம் திருப்பித் தரலியே?" "ஊர்ல இல்லைங்க." செருப்புத் தைக்கிறவர் கேட்டார், "வீட்டம்மா செருப்பு ரெடி, வரச் சொல்லுங்க." "ஊர்ல இல்லைங்க." பொய் என்று அவனுக்குத் தோன்றவில்லை. ஊரில் இல்லைதானே. அந்த இன்னொரு சொல்லைச் சொல்லிவிட்டால் அப்புறம் திரும்ப எடுக்க முடியாது என்று ஒரு பயம். சொல்லாத வரைக்கும் எங்கேயோ ஒரு கதவு ஒருக்களித்துக் கிடக்கிற மாதிரி இருந்தது.

அன்று மாலை அக்கா கூப்பிட்டாள்.

"லீவு குடுத்துட்டாராமே? உன் முதலாளி போன் பண்ணாரு."

"ம்."

"இந்த 'ம்'முக்கு ஒரு நாள் நான் வரி போடப்போறேன் பாரு. எங்கயாவது போயிட்டு வாடா."

"எங்க?"

"அவ சொல்லிட்டே இருப்பாளே, மலை, சிவப்பு இலை, சின்ன ஊரு, மர வீடுன்னு. அங்க போ. வீட்ல உக்காந்து சுவத்தைப் பாத்துட்டிருந்தா சுவரு பேசுமா?"

"யோசிக்கறேன்க்கா."

"நீ யோசிச்ச வரைக்கும் போதும்டா சாமி. யோசிச்சு யோசிச்சுத்தானே வருஷா வருஷம் அவளை..."

அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டது போனிலேயே தெரிந்தது. அவனுக்குக் கோபம் வரவில்லை. உண்மைக்குக் கோபப்பட்டு என்ன செய்வது?

ஆண்டுதோறும் நடந்த கதைதான் அது. தெருமுனை மரத்தில் முதல் இலை பழுத்ததும் அவள் ஆரம்பித்துவிடுவாள். சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து, மலை ஊர்களில் உள்ள சின்ன விடுதிகளுக்கெல்லாம் போன் போடுவாள். வாடகை கேட்கமாட்டாள். ஜன்னலிலிருந்து என்ன தெரியும் என்று கேட்கமாட்டாள். "உங்க வீட்ல காலைல முதல்ல எந்திரிக்கறது யாருங்க?" என்று கேட்பாள்.

"இதென்ன கேள்வி?" என்றான் அவன், கல்யாணமான புதிதில்.

"பல்லுக்காரரே, உங்க வேலையை நீங்க பாருங்க. முதலாளியம்மா முதல்ல எந்திரிச்சா நமக்கு சுடுதண்ணி கிடைக்கும். முதலாளி எந்திரிச்சா பேச்சு கிடைக்கும். வேலைக்கு இருக்கறவங்க மட்டும் எந்திரிச்சா ரெண்டும் கிடைக்காது, பில்லு கிடைக்கும்."

அந்தக் கேள்வியில் தொடங்கி, யார் வீட்டு மாட்டுக்குக் கால் சுளுக்கு, யார் மகள் பரீட்சையில் தவறினாள் என்று எல்லாம் தெரிந்துகொண்டுதான் போனை வைப்பாள். அடுத்த அறையில் பல் அச்சுக்கான மெழுகைச் செதுக்கியபடி அவன் அவள் சிரிப்பைக் கேட்டுக்கொண்டிருப்பான். விடுதி முடிவாகும். நாளும் குறிப்பாள். பிறகு கூடத்தில் அவசர வேலை வரும், அல்லது யாருக்காவது உடம்புக்கு வரும், அல்லது அவனுக்குச் சும்மா சோம்பல் வரும். "அடுத்த வருஷம் போலாம்" என்பான். அவள் முகம் சுருங்காது. "சரி விடுங்க. தேடினதே பாதி போயிட்டு வந்த மாதிரி" என்பாள். மீதிப் பாதியை அவன் தர வேண்டியிருந்தது. தரவில்லை.

அக்கா போனை வைத்த பிறகு அவன் கணினியைத் திறந்தான். மலை விடுதிகளின் படங்கள் வந்து விழுந்தன. எல்லாவற்றிலும் ஒரு மரத் தாழ்வாரம், ஒரு கோப்பையிலிருந்து ஆவி, ஒரு சிவப்பு இலை. வெள்ளையில் பதினாறு பிரிக்கிறவனுக்கு ஒரு விடுதியையும் இன்னொரு விடுதியையும் பிரிக்கத் தெரியவில்லை. எதைப் பார்த்தாலும் ஒன்றும் தோன்றவில்லை. வேண்டும் என்றும் இல்லை, வேண்டாம் என்றும் இல்லை.

கடைசியில் அவள் வழியையே பிடித்தான். போன் போட்டான்.

முதல் விடுதியில் ஓர் இளைஞன் எடுத்தான். கேள்வியைக் கேட்டதும், "எங்கள் வரவேற்பறை எந்த நேரமும் திறந்திருக்கும் சார்" என்று ஒப்பித்தான். பில்லு கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

இரண்டாவது விடுதியில் ஒரு கனத்த குரல். "யார் முதல்ல எந்திரிப்பாங்கன்னு உனக்கு எதுக்குய்யா? எல்லாரும் தூங்கற நேரம் பாத்து உள்ள வரப்போறியா? முதல்ல எந்திரிக்கறது எங்க நாய். போதுமா?" போன் டொக்கென்று வைக்கப்பட்டது.

மூன்றாவது விடுதியில் ஒரு பெண். ஐம்பதைத் தாண்டிய குரல். பின்னால் பாத்திரம் உருண்டது.

"முதல்ல எந்திரிக்கறதா? அப்படிச் சொல்ல முடியாதே தம்பி. எம் புருஷன் தூங்கினாத்தானே எந்திரிக்க? ராத்திரியெல்லாம் கூரையில எங்க ஒழுகுதுன்னு பாத்துட்டுத் திரிவாரு. நான் கடைசியா எந்திரிப்பேன். அதையும் கேட்டுக்கங்க. எந்திரிச்சதும் கொஞ்ச நேரம் யாரும் என்கூடப் பேசக்கூடாது. சம்மதமா?"

அவனுக்குச் சிரிப்பு வந்தது. எங்கிருந்தோ துருப்பிடித்து வந்தது.

"சம்மதம்" என்றான்.

"எத்தனை பேரு?"

"ரெண்டு பேர்."

"வெள்ளிக்கிழமை வாங்க. மழை வந்தாலும் வரும், ரெண்டு குடை எடுத்துக்கங்க."

வைத்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. நாக்கு தானாகச் சொல்லியிருந்தது. கூப்பிட்டுத் திருத்த ஒரு நொடி போதும். 'ரெண்டு இல்லைங்க, ஒண்ணு' என்றால் முடிந்தது. போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிறகு அதை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, துணி எடுத்துவைக்கப் போனான்.

பஸ் மலையேறும்போது மரங்கள் ஒவ்வொன்றாக நிறம் மாறின. கீழே பச்சை, நடுவில் மஞ்சள், மேலே போகப்போக யாரோ தீ வைத்துவிட்டு ஓடிப்போன மாதிரி சிவப்பு. ஒரு வளைவில் பஸ் முழுக்க 'ஆ' என்றது. பக்கத்து இருக்கையைப் பார்த்துத் தலையைத் திருப்பினான். அங்கே அவன் பை இருந்தது.

ஊர் ஒரே தெரு. இரண்டு பக்கமும் சரிந்த கூரை வீடுகள். கடைகளின் பெயர்ப்பலகைகள் மழையில் ஊறி வெளுத்திருந்தன. பேக்கரி, இரும்புக்கடை, தபால் அலுவலகம், அவ்வளவுதான் கடைவீதி. விடுதி மேட்டின் மேல், கடைசி வீடு. மரப்படிகளில் இலைகள் ஒட்டிக்கிடந்தன. விடுதிக்காரம்மா துடைப்பத்தோடு வாசலில் நின்றாள். பருத்த உடம்பு, சுருட்டிவிட்ட கை. அவனைப் பார்த்தாள். அவன் தோளுக்குப் பின்னால் பார்த்தாள்.

"அவங்க எங்க?"

சொல்ல வேண்டிய இடம் அதுதான். வாயைத் திறந்தான்.

"பின்னால வர்றாங்க" என்று வந்தது.

"எந்த பஸ்ல?"

"கடைசி பஸ்ல."

"அதானே பாத்தேன். ஆம்பளைங்க முன்னால ஓடி வந்துடுவீங்க, மூட்டையெல்லாம் அவங்க தலையில. வாங்க, வாங்க." துடைப்பத்தைச் சாத்திவிட்டு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். "ஏங்க! தம்பி வந்தாச்சு. அவங்க வீட்டம்மா கடைசி பஸ்ஸாம்!"

ஏணியிலிருந்து ஒரு மனிதர் இறங்கி வந்தார். ஒல்லி. கையில் தார் டப்பா. அவனைப் பார்த்துத் தலையாட்டினார், பேசவில்லை.

"பேசமாட்டார்னு நினைக்காதீங்க" என்றாள் விடுதிக்காரம்மா. "எங்க வீட்டு ஐயாவோட பல்லு சட்டைப் பையிலதான் சிரிக்கும். வாயில வச்சா வலிக்குதாம். பல்லு போனா சொல்லு போச்சுன்னு பழமொழியே இவரைப் பாத்துத்தான் வந்துச்சு."

அவர் சட்டைப் பையைத் தட்டிக் காட்டிச் சிரித்தார். கீழ் ஈறில் இடது பக்கம் சிவந்திருந்தது; பல் சரியாக உட்காராமல் அங்கே உரசுகிறது என்று அவன் கண் தானாகக் கணக்குப் போட்டது.

அறை மாடியில். சரிந்த மரக்கூரை, நடுவில் மட்டும்தான் நிமிர்ந்து நிற்க முடியும். இரண்டு கட்டில்களை ஒட்டிப்போட்டு, நடுக்கோடு தெரியாதபடி ஒரே பெரிய மெத்தைவிரிப்பை விரித்திருந்தாள். இரண்டு துண்டுகள். இரண்டு கோப்பைகள். கட்டிலடியில் இரண்டு ஜோடிக் கம்பளிச் செருப்புகள், ஒன்று பெரிது, ஒன்று சிறிது. ஜன்னலோரம் கண்ணாடி ஜாடியில் சிவந்த இலையோடு ஒரு கிளை.

"இது நான் இன்னிக்குக் காலைல ஒடிச்சது" என்றாள். "ஆம்பளைங்க மட்டும் வந்தா வைக்கமாட்டேன். அவங்களுக்கு சோறும் தூக்கமும் போதும்."

அவள் போன பிறகு அவன் பையை வைக்க இடம் பார்த்தான். சுவரோரக் கட்டில் மனைவிக்கு. சுவர் பக்கம் படுத்தால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். தன் பையை இந்தப் பக்கம் வைத்தான். சட்டைகளை மாட்டும்போது பாதிக் கொக்கிகளை விட்டுவைத்தான். செய்வது என்ன என்று தெரியாமல் இல்லை. தெரிந்துதான் செய்தான். அவள் ஒரு பஸ்ஸில் இருக்கிறாள். ஜன்னலோரம் உட்கார்ந்து பக்கத்திலிருக்கிறவரிடம் ஊர்க்கதை கேட்டுக்கொண்டிருக்கிறாள். அந்த வளைவு வரும், 'ஆ' என்பாள். பஸ் மேலே ஏறிக்கொண்டேயிருக்கிறது. கட்டிலில் உட்கார்ந்தான். எத்தனையோ மாதங்களாக இல்லாத ஒன்று நெஞ்சில் இருந்தது. யாரோ வரப்போகிறார்கள் என்று காத்திருக்கிற சுகம்.

கீழே வந்தபோது விடுதிக்காரம்மா அடுப்பில் பெரிய பாத்திரத்தை ஏற்றியிருந்தாள். காய்களை நறுக்கிக்கொண்டே அவனை எதிரே உட்காரச் சொன்னாள்.

"எப்படி இருப்பாங்க சொல்லுங்க. ஐயா பஸ் ஸ்டாண்டுக்குப் போவாரு. அடையாளம் தெரியாம வேற யாரையாவது கூட்டிட்டு வந்துடப்போறாரு. ஒரு தடவை அப்படித்தான், ஆய்வுக்கு வந்த அதிகாரியம்மாவை சமையலுக்கு வந்த பொண்ணுன்னு கூட்டிட்டு வந்து வெங்காயம் உரிக்க வச்சுட்டாரு."

"உரிச்சாங்களா?"

"பாதி உரிச்சாங்க. அப்புறந்தான் சொன்னாங்க. சொல்லுங்க, உயரமா?"

"குள்ளம்" என்றான். "என் தோளுக்கு வருவா. கண்ணாடி போட்டிருப்பா. அது எப்பவும் மூக்கு நுனியில இருக்கும்."

"கலகலன்னு பேசுவாங்களா? உங்களை மாதிரி உம்முனு வந்தா நான் என்ன பண்றது?"

"பேசுவா. பஸ்லேர்ந்து இறங்கும்போது டிரைவர் பேரு, அவர் பொண்ணு என்ன படிக்குது, எல்லாம் தெரிஞ்சுட்டுத்தான் இறங்குவா." அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது, வார்த்தைகள் நிற்கவில்லை. "முன்பல்லு ஒண்ணு இன்னொண்ணு மேல கொஞ்சம் ஏறியிருக்கும். சரிபண்ணித் தரேன்னு எத்தனையோ தடவை சொல்லிட்டேன். விடமாட்டா. 'ஊருக்கெல்லாம் ஒரே மாதிரி பல்லு செஞ்சு வச்சிருக்கீங்க, எனக்கு மட்டுமாவது என் பல்லு இருக்கட்டும்'பா. அந்தப் பல்லோட நிறம் என் பட்டையில கிடையாது. கலந்து பாத்திருக்கேன். வராது."

விடுதிக்காரம்மா கத்தியை வைத்துவிட்டாள். கன்னத்தில் கைவைத்து அவனைப் பார்த்தாள்.

"கட்டின பொண்டாட்டியைப் பத்தி இப்படிச் சொல்ற ஆம்பளையை நான் பாத்ததில்ல. எங்க ஐயாகிட்ட என்னைப் பத்திக் கேட்டா, 'பருமன்'னு சொல்லிட்டுக் கூரைக்கு ஏறிடுவாரு." பிறகு குனிந்து நறுக்கத் தொடங்கினாள். "வரட்டும். இந்த மேட்டுல எனக்குப் பேச்சுத்துணைக்கு ஒரு பொண்ணு வந்து எவ்வளவு நாளாச்சு."

வெளியே மூடுபனி இறங்கியது. பொழுது சாயும் நேரம் விடுதிக்காரர் ஒரு டார்ச்சையும் இரண்டு குடைகளையும் எடுத்துக்கொண்டு வாசலில் நின்றார். "நான் போறேங்கய்யா, நீங்க இருங்க" என்றான் அவன். அவர் தலையாட்டி மறுத்துவிட்டு முன்னால் இறங்கினார்.

பஸ் நிற்கிற இடம் தபால் அலுவலகத்துக்கு எதிரே. தகரக் கூரையின் கீழே ஒரு பெஞ்சு. இருவரும் உட்கார்ந்தார்கள்.  பேச்சு இல்லாதது அவனுக்கு வசதியாக இருந்தது. பஸ் வரும், யாரும் இறங்கமாட்டார்கள், 'விட்டுட்டா போல' என்று ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம், காலையில் முதல் பஸ்ஸில் ஊரைப் பார்க்கப் போய்விடலாம் என்று மனத்துக்குள் வழி போட்டிருந்தான்.

முதலில் சத்தம் வந்தது. பிறகு பனிக்குள் இரண்டு மங்கல் விளக்குகள். அவன் எழுந்துவிட்டான். எழுந்தது தெரியாமல் எழுந்துவிட்டான். பஸ் முனகிக்கொண்டு நின்றது. கதவு திறந்தது. மூட்டையோடு ஒருவர் இறங்கினார். தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு தம்பதி. பள்ளிக்கூட ஆசிரியை போலத் தெரிந்த ஒரு பெண், கண்ணாடி போட்டவள். அவன் ஓரடி முன்னால் எடுத்து வைத்தான். உயரமானவள். கடந்து போய்விட்டாள். அவன் ஜன்னல்களைப் பார்த்தான். ஆவி படிந்த கண்ணாடிகளில் ஒவ்வொன்றாக, பின்வரிசை வரை பார்த்தான். யாரோ தூங்கிப்போயிருக்கலாம். யாரோ குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருக்கலாம். அவளுக்கு எப்போதும் ஒரு செருப்பு சீட்டுக்கு அடியில் போய்விடும்.

விடுதிக்காரர் சட்டைப் பையிலிருந்து பல்லை எடுத்தார். முகத்தைச் சுளித்துக்கொண்டு மாட்டினார். கண்டக்டரிடம் போய்க் கேட்டார்.

"குள்ளமா ஒரு பொண்ணு. கண்ணாடி. நல்லாப் பேசும். முன்பல்லு கொஞ்சம் ஏறியிருக்கும். ஏறிச்சா கீழ?"

"இல்லையே அண்ணே. அப்படி யாரும் இல்ல."

"நல்லாப் பாத்துச் சொல்லுப்பா. டிரைவர்கிட்ட பேசியிருக்கும்."

"எங்க டிரைவர்கிட்ட யார் பேசுவாங்க? அவர் கல்யாணத்துலயே பேசலியாம்."

விடுதிக்காரர் சிரிக்கவில்லை. திரும்பி வந்தார்.

"போன் போடுங்க தம்பி."

"எடுக்க மாட்டா."

"டவர் இருக்காதோ? சரி, ஒண்ணு பண்ணுவோம். சில பேரு கீழ சந்திப்புலயே இறங்கிடுவாங்க, இதுதான் ஊருன்னு நினைச்சு. போன வருஷம்கூட ஒருத்தர் அப்படி இறங்கி விடிய விடிய உக்காந்திருந்தாரு. அங்க ஒரு விளக்குகூடக் கிடையாது. பொண்ணு தனியா இருக்கும். நான் ஜீப்பை எடுத்துட்டுப் போய்ப் பாத்துட்டு வரேன்."

"வேண்டாங்கய்யா."

"என்ன வேண்டாம்? உங்களுக்கு ரோடு தெரியாது. நீங்க வீட்ல இருங்க, மாறி வந்துட்டா ஆள் வேணும்." பேசப்பேச வலியில் அவர் வாய் ஒரு பக்கம் கோணியது. நிறுத்தவில்லை. "பனி இருக்கு, மெதுவாத்தான் போகணும். வளைவு எனக்கு மனப்பாடம். பயப்படாதீங்க."

அவர் மேட்டை நோக்கி நடக்கத் தொடங்கினார், வேகமாக. டார்ச் வெளிச்சம் பனியில் குட்டையாக விழுந்தது. ஓரடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை. அந்த ரோட்டை அவன் மத்தியானம் பார்த்திருந்தான். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமில்லை.

"ஐயா!"

அவர் நிற்கவில்லை.

"ஐயா, போகாதீங்க. அவ வரமாட்டா."

அவர் திரும்பினார்.

"செத்துட்டா" என்றான்.

சத்தமாகச் சொல்லிவிட்டான். மூட்டைக்காரர் தெருவில் நின்று பார்த்தார். டிரைவர் எஞ்சினை அணைத்த நேரம் அது. சொல் அந்த அமைதியில் தனியாக நின்றது. அவன் பயந்தது போல எதுவும் இடிந்து விழவில்லை.  பெஞ்சில் உட்கார்ந்தான்.

"எப்ப?" என்றார் விடுதிக்காரர்.

"போன குளிர்காலத்துல."

அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பல்லைக் கழற்றினார். பையில் போட்டுக்கொண்டார். ஒரு குடையை அவன் மடியில் வைத்தார். மழை இல்லை. இருந்தாலும் வைத்தார்.

கண்டக்டர் பஸ்ஸின் உள்விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வந்தான். சொல்லி முடித்த பிறகும் இவன் கண் அந்த பஸ் கதவை விட்டு நகரவில்லை. கடைசி விளக்கு அணைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தான்.

மேட்டில் ஏறும்போது விடுதிக்காரர் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தார். பல்லில்லாமல் காற்றாக வந்தது பேச்சு. "எங்க வீட்டுக்காரிகிட்ட நீங்கதான் சொல்லணும். நான் சொன்னா நம்பமாட்டா."

விடுதிக்காரம்மா வாசலிலேயே நின்றாள். தலைவாரி, வேறு புடவை மாற்றியிருந்தாள். சாப்பாட்டு மேசையில் நான்கு கிண்ணங்கள். அவள் அவர்கள் இருவருக்கும் பின்னால் பார்த்தாள்.

"எங்க?"

இரண்டாவது தடவை சொல்வது எளிது என்று நினைத்தான். இல்லை.

"அவ இறந்துட்டாம்மா. போன குளிர்காலத்துலயே. நான் போன்ல ரெண்டு பேர்னு வாய்தவறிச் சொல்லிட்டேன். அப்புறம் மாத்திச் சொல்ல முடியல."

அவள் அவனையே பார்த்தாள். கழுத்து சிவந்து வந்தது.

"முடியலியா? இந்த மனுஷன் இருட்டுல ஜீப்பை எடுத்துட்டுக் கீழ போயிருந்தா? போவாரு இவரு. யாருக்காவது ஒண்ணுன்னா யோசிக்காமப் போவாரு. ஏதாவது ஆகியிருந்தா அப்பவும் முடியலன்னு சொல்லியிருப்பீங்களா?"

"தப்புதாம்மா."

"தப்பாம் தப்பு! மத்தியானத்துலேர்ந்து நான் அவளுக்காக..." அவள் முடிக்கவில்லை. சமையலறைக்குள் போனாள். மூடி ஒன்று தரையில் உருண்டு, சுற்றிச் சுற்றி அடங்கியது. அப்புறம் சத்தமே இல்லை.

அவன் மாடிப்படியில் கால் வைத்தான். பையை எடுத்துக்கொண்டு வந்துவிடலாம். பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் விடியும் வரை இருக்கலாம். விடுதிக்காரர் அவன் முழங்கையைப் பிடித்தார். இழுத்துக்கொண்டு போய் நாற்காலியில் உட்கார வைத்தார். தானும் உட்கார்ந்தார். மேசை மேல் விளக்கு. அதன் கீழே காலிக் கிண்ணங்கள். அவற்றையே பார்த்துக்கொண்டு இருவரும் பரீட்சையில் தவறிய பையன்கள் மாதிரி இருந்தார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் பாத்திரத்தோடு வந்தாள். முகம் கழுவியிருந்தாள். மூன்று கிண்ணங்களில் சூப் ஊற்றினாள். நான்காவதை எடுத்து ஓரமாக வைக்கப் போனாள். கை நின்றது. அதிலும் ஊற்றினாள். தன் கிண்ணத்தைத் தள்ளிவிட்டு அந்த நான்காவதின் முன்னால் உட்கார்ந்தாள். ரொட்டியைப் பிய்த்து அவன் பக்கம் ஒரு துண்டு வைத்தாள்.

"அவ்வளவு பேசுவான்னு சொன்னீங்க" என்றாள். குரல் இன்னும் தணியவில்லை. "கண்ணாடி மூக்கு நுனியில நிக்கும்னு சொன்னீங்க. நான் என்னவோ அவளைப் பாத்துட்ட மாதிரியே இருந்தேன். இப்ப எனக்கே..." மூக்கை உறிஞ்சினாள். "என்ன ஆச்சு அவளுக்கு? முதல்லேர்ந்து சொல்லுங்க. விடாமச் சொல்லுங்க."

அவன் ரொட்டியைக் கையில் எடுத்தான். பிறகு வைத்துவிட்டான்.

"ஒரு ஞாயித்துக்கிழமை" என்றான். "தலை வலிக்குதுன்னா. அவளுக்குத் தலைவலியே வராதும்மா. எனக்குத்தான் வரும். நான் விளையாட்டுக்கு, என் தலைவலியை எதுக்குடி எடுத்துக்கிட்டேன்னு கேட்டேன். சிரிச்சா..."

விடுதிக்காரர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அவன் சொல்லிக்கொண்டே போனான். எங்கே நிறுத்த வேண்டியிருந்ததோ அங்கே நிறுத்தினான், அவர்கள் காத்திருந்தார்கள், மறுபடி தொடங்கினான். நான்கு கிண்ணங்களிலும் சூப் ஆறிப்போனது. சுடவைக்க யாரும் எழுந்திருக்கவில்லை.